கிரேடை ஏத்துனா வளையாதாம்டா

டேய் மாப்ள,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா. பதிலே போடலன்னு திட்டுவ, திட்டிக்கோ. இப்ப சொல்லப்போறத யார்கிட்டயாவது கொட்டலன்னா மண்டை வெடிச்சிரும்.

ஆபீஸ்ல ஒரு கிரேன் பீம். லோடு தூக்குனா நடுவுல டிஃப்ளெக்ஷன், அதான் தொய்வு, அளவுக்கு மேல வருது. மீட்டிங்ல ஒரு பெரியவர், "250 எம்பிஏ ஸ்டீலுக்குப் பதிலா 500 போடுங்க, தொய்வு பாதியாயிரும்"ங்கறாரு, அத்தன பேரும் தலையாட்டுறானுங்க! நம்ம குட்டி இருந்திருந்தா டேபிள் மேல ஏறியிருப்பான்.

250, 500ங்கறது யீல்டு, அதாவது ஸ்டீல் நிரந்தரமா வளைய ஆரம்பிக்குற ஸ்ட்ரெஸ். அது 250ஆ இருந்தா என்ன 500ஆ இருந்தா என்ன, யங்ஸ் மாடுலஸ், அதான் ஸ்டீலோட விறைப்பு, ரெண்டுக்கும் அதே 200 ஜிபிஏ சுத்துவட்டாரம்தானடா. அது இரும்பு அணுவுக்கு அணு இருக்குற பிடிப்பு, கொஞ்சம் அலாய் சேத்து சூடு பண்ணி ஆறவச்சா அதுல பெருசா ஒண்ணும் மாறாது. ஏறுறது யீல்டு மட்டும்தான், ஏன்னா நாம அங்க பண்றது டிஸ்லொகேஷன, அதான் அணு வரிசையில இருக்குற பிசகை, நகர விடாம வழியில முட்டுக்கட்டை போடுறது. (1934ல டெய்லர், ஒரோவான், போலன்யி மூணு பேரும் தனித்தனியா கண்டுபிடிச்சது, நீ எக்ஸாம்ல நாலாவதா ஒருத்தன சேத்தியே, ஞாபகமிருக்கா?) அதனால 500 போட்டா பீம் நிரந்தரமா வளையுறதுதான் தள்ளிப்போகும், அதே செக்ஷன் (பீமோட குறுக்குவெட்டு), அதே லோடுக்கு தொய்வு அப்படியேதான் நிக்கும். குறையணும்னா டெப்த்த, அதான் பீமோட உயரத்த, கூட்டணும், செவ்வக செக்ஷன்ல டெப்த் ரெண்டு மடங்கானா தொய்வு எட்டுல ஒண்ணு. இத போர்டுல எழுதிக் காட்டுனேன், "தியரி"ன்னு சிரிக்கிறாரு.

சிரிச்சுட்டுப் போகட்டும், அடுத்து சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தக் கெடுக்குது. "500தான் ஸ்ட்ராங்காச்சே, செக்ஷனையும் சின்னதாக்கிரலாம், வெயிட் மிச்சம்." செக்ஷன் சின்னதானா தொய்வு இன்னும் கூடும், அது கண்ணுக்குத் தெரியும், பரவால்ல. ஸ்ட்ரெஸ்ஸும் கூடுதே? கிரேன் நாள் முழுக்க போகுது வருது, பீம்ல அங்கங்க வெல்டு. வெல்டு ஜாயின்ட்டோட ஃபெட்டீக் ஆயுசு, அதாவது லோடு திரும்பத் திரும்ப ஏறி இறங்குறத எவ்ளோ நாள் தாங்கும்ங்கறது, ஸ்டீல் கிரேடை மதிக்கவே மதிக்காது, ஸ்ட்ரெஸ் எவ்ளோ ஏறி இறங்குதுங்கறதத்தான் பாக்கும், அந்த ரேஞ்ச் ரெண்டு மடங்கானா ஆயுசு கிட்டத்தட்ட எட்டுல ஒண்ணு. யீல்டுக்கு ரொம்ப கீழ நிக்கும்போதே வெல்டு ஓரத்துல சத்தமில்லாம கிராக் விடும், கீழ ஆளுங்க வேலை செய்வாங்க மாப்ள.

உன்கிட்ட ஃபெட்டீக் கால்குலேஷன் ஷீட் ஒண்ணு இருந்துச்சே, வெல்டு கேட்டகரி எல்லாம் போட்டது, அத உடனே அனுப்பு. திங்கக்கிழமை திரும்ப மீட்டிங், இந்த தடவ எழுத்துல குடுத்து கையெழுத்து வாங்காம எந்திரிக்க மாட்டேன். குட்டிக்கு மட்டும் சொல்லிராத, போன் போட்டே கொன்னுருவான்.