பருவ நிறைவும் ஆண்டு விழா நாடகமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டிலும் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் ரஷ்ய எழுத்தாளர் நிக்கொலாய் கோகோலின் 'அரசு ஆய்வாளர்' நாடகத்தை நடிக்கிறார்கள். 1836இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதன்முதலாக மேடையேறிய நகைச்சுவை இது. விடுதிக்குப் பணம் கட்ட வழியில்லாத ஒரு குமாஸ்தாவை, தலைநகரிலிருந்து அடையாளம் மறைத்து வந்த அதிகாரி என்று ஒரு சிற்றூரே நம்பிவிடுகிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க, நகரத் தலைவர், நீதிபதி, தபால் அதிகாரி என்று ஒவ்வொருவராக அவன் கையில் பணத்தைக் கொடுக்கிறார்கள். 'கடன்' என்று சொல்லித்தான் அவனும் வாங்கிக்கொள்கிறான்.

வேடங்கள் முடிவான நாள்முதல் சில பெற்றோர் பொறுப்பாசிரியரைத் தனியே சந்தித்து, தம் பிள்ளைக்குப் பெரிய வேடம் கேட்டு வருகிறார்கள். பிள்ளை மேடையில் ஒளிர வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் சிபாரிசுகளும் வந்தன. சென்ற வாரம் ஆசிரியரின் மேசையில் பரிசுப் பெட்டிகளும் இருந்தன. பிரிக்காமலே திருப்பி அனுப்பினோம். அன்பளிப்புதான் என்றார் ஒருவர். இந்த நாடகத்தின் நீதிபதியும், தான் வாங்குவது வேட்டை நாய்க்குட்டிகளைத்தான், அதைக் குற்றமாகப் பார்க்கலாமா என்று கேட்கிறார். அந்த வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த மாணவன், பெட்டிகளைப் பார்த்தபடி நின்றான். அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

உறுதியாகச் சொல்கிறேன்: வேடங்கள் மாறமாட்டா. இனி இத்தகைய பரிசு யாரிடமிருந்து வந்தாலும் பள்ளி நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படும்.

சிறிய வேடம் என்று வருந்துவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இறுதியில் ஒரு காவலர் வந்து உண்மையான ஆய்வாளரின் வருகையை அறிவிக்கிறார். நாடகம் முழுவதிலும் அவருக்கு அந்த ஓர் அறிவிப்புதான். அதைக் கேட்டதும் மேடையில் இருக்கும் அத்தனை பேரும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் சிலையாக நிற்க வேண்டும் என்று கோகோல் குறிப்பு எழுதியிருக்கிறார். ஒரு பிள்ளை அசைந்தாலும் காட்சி கலைந்துவிடும். ஒரு வசனமும் இல்லாத பிள்ளைகள் இதை எவ்வளவு அக்கறையோடு பழகுகிறார்கள் என்பதை ஒருநாள் ஒத்திகைக்கு வந்து பாருங்கள்.

ஒத்திகை முடியும்வரை பொறுமையுடன் காத்திருந்து பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்கும், பழைய கோட்டுகளை வெட்டித் தைத்து அதிகாரிகளின் உடையாக மாற்றித் தந்தவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்