ஈரோட்டுக் கடையில் பார்த்த பெரியவருக்கு நன்றி

ஐயா, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஈரோட்டில் ஓவியச் சாமான் விற்கும் கடையில், 47 வயதில் முதல்முறையாக ஆயில் பெயிண்ட் வாங்க வந்த என்னிடம், "யாரை வரையப் போறீங்க அம்மிணி?" என்று கேட்டீர்கள். எங்கள் அப்புச்சியை, அம்மாவின் அப்பாவை என்றேன்.

"தோல் நிறம் டியூப்ல வராதுங்க" என்று மஞ்சள் காவி, வெர்மிலியன் என்ற சிவப்பு, ஐவரி பிளாக் என்ற கறுப்பு, வெள்ளை நான்கை மட்டும் எடுத்துக் கொடுத்தீர்கள். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் சொல்லப்படும் நிறங்கள் இவை என்று அப்புறம்தான் அறிந்தேன். கறுப்போடு வெள்ளை சேர்ந்தால் நீலம் தட்டுகிறது, காவி சேர்ந்தால் பச்சை தட்டுகிறது. மஞ்சள் பயிரிட்ட காட்டு வெயிலில் கறுத்த அப்புச்சியின் ஒட்டிய கன்னத்து நிழலுக்கு அந்த மங்கிய பச்சைதான் பொருந்தியது. அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார்.

அடிப்பூச்சு, பெயிண்டைக் கரைக்கும் டர்பன்டைனில் மெல்லிசாக, மேலே போகப்போக லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கூடுதலாக. மாற்றிச் செய்தால் வெடிப்பு விடும் என்றீர்கள். அப்படியே செய்கிறேன். அவசரமாகப் பஸ் பிடிக்க வேண்டியவர், எனக்காக நின்று சொன்னீர்களே, அது பெரிய மனசுங்க ஐயா. வார்னிஷுக்கு ஆறு மாதம் பொறுக்கச் சொன்னீர்கள், பொறுக்கிறேன். இதைப் படித்தால் ஒருமுறை வீட்டுக்கு வந்து படத்தைப் பாருங்கள்.