எபேசுவில் கம்பளக் கடை, மால்டாவில் மூடிய கதவு: உங்கள் கரைச் சுற்றுலாக்கள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை அலுவலகம்.

பொருள்: கிழக்கு மத்தியதரைக்கடல் கப்பல் பயணத்தில் குஷாதாசி (துருக்கி), வலெட்டா (மால்டா) துறைமுகங்களில் நடந்த வழிகாட்டிச் சுற்றுலாக்களின் குறைபாடு, கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த அக்டோபரில் ஏதென்ஸ் பக்கத்திலுள்ள பிரேயஸ் துறைமுகத்தில் நானும் என் மனைவியும் என் அம்மாவும் உங்கள் கப்பலில் ஏறினோம். கப்பலைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கேபின் சுத்தம், சாப்பாடு அருமை, வயதான அம்மாவைப் பணியாளர்கள் வீட்டு மனிதர்கள் போலப் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் புகார் முழுக்கக் கரையில் நடந்ததைப் பற்றியது.

பவுல் அப்போஸ்தலர் கால் பதித்த துறைமுகங்கள் என்று சொல்லித்தான் உங்கள் சென்னை அலுவலகம் இந்தப் பயணத்தை எங்களுக்கு விற்றது. எபேசு, ரோது, மெலித்தா என்று பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ஊர்கள்தான் இன்றைய எபேசு இடிபாடுகளும், ரோட்ஸ் தீவும், மால்டாவும். என் அம்மா பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஞாயிறு பள்ளியில் பல ஆண்டுகள் இந்த ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் ஒருமுறை அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே நாங்கள் கிளம்பினோம். கப்பல் கட்டணம் போக, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கரைச் சுற்றுலாவுக்குத் தனியாகப் பணம் கட்டியதும் அதற்காகத்தான்.

வெளியே ஒரு டாக்ஸி பிடித்தால் இதைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும். ஆனால் தனியாகப் போய்த் திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, நிறுவனம் நடத்தும் சுற்றுலா என்றால் பேருந்து வரும்வரை காத்திருக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் தெளிவாகச் சொன்னார்கள். கூடவே உரிமம் பெற்ற வழிகாட்டி, நுழைவுச் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். முழங்கால் வலியோடு நடக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு அந்த நம்பிக்கைக்கு நாங்கள் கூடுதல் விலை கொடுத்தோம். அந்த நம்பிக்கைதான் உடைந்தது.

முதலில் எபேசு. குஷாதாசி துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பேருந்தில் அரை மணி நேரம். மேல் வாசலில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து சரிவாகக் கீழ் வாசல் வரை நடக்க வேண்டும். எங்கள் வழிகாட்டி நன்றாகப் படித்தவர் என்பது அவர் பேசிய முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்தது. எபேசு ஒரு காலத்தில் துறைமுகம், ஆற்று வண்டல் மெல்ல மெல்லத் துறைமுகத்தை மூடியது, கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, ஊரும் அதனாலேயே செத்தது என்றார். தாமிரபரணி வண்டலால் கொற்கையை விட்டுக் கடல் விலகிப்போன கதை எங்கள் மாவட்டத்துக்காரர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அம்மா உடனே அதைச் சொல்ல, அவரும் ஆர்வமாக நின்று கேட்டார். அந்த நேரத்தில் அவருக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்தது. அதன் பிறகு அவர் ஓடத் தொடங்கினார், நாங்களும் பின்னால் ஓடினோம்.

செல்சஸ் நூலகத்தின் முன்னால் படம் எடுக்க மட்டும் நிறுத்தினார்கள். ரோம ஆளுநர் செல்சஸின் நினைவாக அவர் மகன் எழுப்பிய கட்டடம் அது, 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பவுல் எபேசுவில் இருந்தபோது இந்த நூலகம் கிடையாது. இன்று நிற்கும் முகப்பும் நிலநடுக்கத்தில் விழுந்து கிடந்து, 1970களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் துண்டு துண்டாகப் பொறுக்கி மீண்டும் நிறுத்தியது. இதெல்லாம் நான் புறப்படும் முன் வீட்டில் படித்துக்கொண்டு போனதால் எனக்குத் தெரியும். எங்கள் பேருந்தில் வந்தவர்களில் பலர், பவுல் இந்த வாசல் வழியாகத்தான் நடந்தார் என்று நம்பிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினார்கள். வழிகாட்டிக்கு நேரம் தராவிட்டால் இப்படித்தான் ஆகும்.

நூலகத்துக்கு அருகிலுள்ள சரிவில் இருக்கின்றன மாடி வீடுகள். பணக்கார ரோமர்கள் வாழ்ந்த வீடுகள். சுவர் ஓவியங்களும் மொசைக் தரையும் அப்படியே இருப்பதால் மேலே கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். அதற்கு எபேசு நுழைவுச் சீட்டு போதாது, தனிச் சீட்டு வாங்க வேண்டும். உங்கள் கையேட்டில் இந்த வீடுகள் சுற்றுலாவில் அடக்கம், கட்டணமும் சேர்த்தே என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எங்களை அதன் வாசலைக்கூட மிதிக்க விடவில்லை. நேரம் இல்லை என்றார்கள். ஆக, வாங்காத சீட்டுக்கு எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறீர்கள். இந்த ஒன்றை மட்டும் எந்த விளக்கத்தாலும் மூடி மறைக்க முடியாது.

அப்புறம் பெரிய அரங்கு. ஏறக்குறைய 25,000 பேர் உட்காரக்கூடியது. ஆர்டெமிஸ் தேவிக்கு வெள்ளியில் சிறு கோவில்கள் செய்து விற்று வாழ்ந்த தட்டான்கள், பவுலின் பிரசங்கத்தால் தங்கள் பிழைப்பு போகிறது என்று கலகம் செய்தார்களே, தெமேத்திரியு தூண்டிவிட்ட அந்தக் கூட்டம் திரண்டது இந்த அரங்கில்தான். அம்மா இத்தனை தூரம் வந்ததே இந்தப் படிகளில் கொஞ்ச நேரம் உட்காருவதற்கு. நாங்கள் போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் என்றார்கள். பளிங்குத் தெருவில் வேகமாக நடந்து வந்த களைப்பில் அம்மா நின்று மூச்சு வாங்கியதிலேயே பாதி நேரம் போயிற்று. ஒரு படிகூட ஏறவில்லை. ஆர்டெமிஸ் கோவில் இருந்த இடத்தையும் பேருந்து நிற்காமலே கடந்தது. உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக இருந்த அந்தக் கோவிலில் இன்று எஞ்சி நிற்பது ஒரே ஒரு தூண்தான். தட்டான்களின் கலகம் ஏன் நடந்தது என்று புரிய வேண்டுமானால் அந்த இடத்தில்தான் நின்று சொல்ல வேண்டும்.

மிச்சப்பட்ட நேரம் எங்கே போனது என்றால், கம்பளக் கடைக்கு. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் அங்கே உட்கார வைத்தார்கள். பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுத்துக் காட்டினார்கள், ஆப்பிள் டீ கொடுத்தார்கள், பிறகு கம்பளம் கம்பளமாக விரித்துப் போட்டு விலை சொல்லத் தொடங்கினார்கள். வெளியே வந்து பார்த்தால் பேருந்து பூட்டியிருக்கிறது, ஓட்டுநர் இல்லை. துருக்கிக் கம்பளம் அழகான கலை. விரும்பிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் உங்கள் கையேட்டில் கடை என்ற சொல்லே இல்லை. கைவினை அறிமுகம் என்று கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு வருபவர்களுக்குக் கடைக்காரர்கள் கமிஷன் தருவது சுற்றுலாத் தொழிலில் பழைய வழக்கம். யாருக்கு எவ்வளவு போகிறது என்று நான் கேட்கவில்லை. மாடி வீடுகளுக்கும் அரங்குக்கும் உரிய நேரத்தை எடுத்து ஒரு கடைக்குக் கொடுக்க உங்களுக்கு யார் அனுமதி தந்தது என்றுதான் கேட்கிறேன்.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையேட்டில் இந்தச் சுற்றுலாவுக்கு எளிய நடை என்று குறி போட்டிருக்கிறீர்கள். உண்மையில் அது மேடு பள்ளமான கற்கள், இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கால்பட்டு வழுவழுப்பான பளிங்கு, போகும் வழியெல்லாம் சரிவு, ஒதுங்க நிழல் கிடையாது. நேரம் கொடுத்து மெதுவாகக் கூட்டிப்போனால் வயதானவர்களும் நடக்கலாம். ஓட்டிக்கொண்டு போனால் யாராவது ஒருநாள் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வார்கள்.

ரோட்ஸில் இதே நிறுவனம், இதே கட்டண அளவு, ஆனால் சுற்றுலா மிக நன்றாக இருந்தது. அதையும் எழுதுவதுதான் நியாயம். கடை எதற்கும் போகவில்லை. சிலுவைப்போர்க் காலத்தில் உருவான கிறிஸ்தவத் துறவிப் படையான புனித யோவான் சபை வீரர்கள் 1309 முதல் ஆண்ட கோட்டை நகரம் அது. ஒவ்வொரு மொழிக்கார வீரர்களுக்கும் ஒவ்வொரு விடுதி இருந்த வீரர் தெருவில் வழிகாட்டி அம்மையார் நிதானமாக நின்று விளக்கினார். 1522இல் துருக்கிய சுல்தான் சுலைமான் மாதக்கணக்கில் முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடித்ததையும், தோற்ற வீரர்களைக் கொல்லாமல் மரியாதையோடு வெளியேற விட்டதையும், வீடில்லாமல் அலைந்த அவர்களுக்கு 1530இல் மால்டா கிடைத்ததையும் சொன்னார். வீரர்களின் தலைவர் வாழ்ந்த பெருந்தலைவர் மாளிகை பழைய கட்டடம் அல்ல, 1856இல் வெடிமருந்து வெடித்துச் சிதறியதை இத்தாலியர்கள் தங்கள் ஆட்சியில் திரும்பக் கட்டியது என்பதையும் மறைக்காமல் சொன்னார். கேள்வி கேட்டால் நின்று பதில் சொன்னார். அவருக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள். உங்களால் நன்றாக நடத்த முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

அவர் சொன்ன கதையின் மீதியைப் பார்க்கத்தான் மால்டாவில் ஆவலோடு இறங்கினோம். வலெட்டா நகரமே அந்த வீரர்கள் துருக்கியரின் 1565 முற்றுகையில் தப்பிய பிறகு 1566இல் அடிக்கல் நாட்டிக் கட்டியது. அதன் நடுவில் புனித யோவான் பேராலயம். தரை முழுக்க வீரர்களின் வண்ணப் பளிங்குக் கல்லறைகள். உள்ளே, யோவான் ஸ்நானகன் தலை வெட்டப்படும் காட்சியை இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1608இல் தீட்டிய ஓவியம். அவர் கையெழுத்திட்டதாக இருக்கும் ஒரே ஓவியம் அதுதான். ரோமில் கொலைப்பழியோடு ஓடிவந்த ஓவியரை வீரராகச் சேர்த்துக்கொண்டு, அதே ஆண்டிலேயே சபையிலிருந்து நீக்கியும் விட்டார்கள். இந்த ஓவியத்தின் படத்தைத்தான் உங்கள் கையேட்டில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள்.

எங்கள் கப்பல் வலெட்டாவில் நின்றது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று அந்தப் பேராலயத்தில் திருப்பலி மட்டும்தான்; சுற்றுலாப் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. இது திடீரென்று நேர்ந்த தடை அல்ல, ஊரறிந்த வழக்கம். எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் கப்பல் நிற்கும் என்பதும் பல மாதங்களுக்கு முன்பே நீங்கள் முடிவுசெய்தது. நாள்காட்டியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்காமல் விற்றீர்களா, பார்த்துவிட்டும் விற்றீர்களா என்று எனக்கு விளக்கம் வேண்டும். மூடிய கதவைக் காட்டிவிட்டு, பராக்கா தோட்டத்திலிருந்து துறைமுகத்தைப் பார்க்க வைத்து, மிச்ச நேரத்துக்கு வெள்ளி நகைக் கடை ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். தோட்டத்துக்குள் யாரும் காசில்லாமல் போகலாம். அதற்கு எதற்குச் சுற்றுலாக் கட்டணம்?

அன்று மாலையே கப்பலில் உள்ள சுற்றுலா மேசையில் முறையிட்டேன். கரையில் நடப்பதை உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் நடத்துகிறார்கள், நிறுவனம் பொறுப்பல்ல என்றார்கள். கப்பல் கடைகளில் செலவழிக்கும்படி ஒரு சிறு தொகையை எங்கள் கணக்கில் வரவு வைக்க முன்வந்தார்கள். நான் ஏற்கவில்லை. ரசீதில் இருப்பது உங்கள் பெயர். கையேட்டை அச்சடித்தது நீங்கள். பணம் வந்தது உங்கள் வங்கிக் கணக்குக்கு. ஒப்பந்தக்காரர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது, அவரோடு எங்களுக்கு எந்தப் பேச்சும் இல்லை. விற்கும்போது உங்களுடையதாக இருந்த சுற்றுலா, குறை சொல்லும்போது மட்டும் எப்படி இன்னொருவருடையது ஆகிறது?

ஆகவே வலெட்டா சுற்றுலாவுக்கு நாங்கள் மூவரும் கட்டிய தொகை முழுவதையும், எபேசு சுற்றுலாவில் பாதித் தொகையையும், அதோடு மாடி வீடுகளின் நுழைவுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். பணமாகவே வேண்டும், அடுத்த பயணத்துக்கான கூப்பன் வேண்டாம். அதைவிட முக்கியமாக, இனி அச்சடிக்கும் கையேடுகளில் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் நிற்பீர்கள் என்பதைப் போடுங்கள். கடைக்குப் போவதாக இருந்தால் கடை என்றே எழுதி, வேண்டாதவர்களுக்கு வேறு வழி கொடுங்கள். எபேசு நடைக்கு எளிய நடை என்ற குறியை உடனே எடுத்துவிடுங்கள். எங்கள் அம்மாவைப் போல ஒரே ஒருமுறை போக முடிந்தவர்கள் உங்கள் கையேட்டை நம்பிச் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது முறை என்பது கிடையாது.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ், சேவைக் குறைபாடு, தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிய காரணங்களுக்காக எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் இங்கே குறிப்பிடுகிறேன்.

முன்பதிவு ரசீதுகள், கையேட்டின் உரிய பக்கங்கள், கப்பலின் துறைமுகக் கால அட்டவணை, சுற்றுலா மேசையில் நான் எழுதிக்கொடுத்த முறையீட்டின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பயணி,
பாளையங்கோட்டை.