ஓபிஜி எக்ஸ்ரே மையங்களை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் பல் மருத்துவர். எந்தப் பல்லை எடுப்பது, எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்ய நீங்கள் அனுப்பும் ஓபிஜி படங்களை, அதாவது இரு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒன்றாகக் காட்டும் எக்ஸ்ரே படங்களை, நம்பியிருப்பவள். அவற்றில் ஒரு குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மேல்பற்களின் வேர்கள் மீது குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. நோயாளியின் நாக்கு அண்ணத்தில் ஒட்டாமல் கீழே கிடந்ததால், இடையில் இருந்த காற்று அப்படி விழுகிறது. வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தாலும் அதற்குள் மறைந்துவிடும்.

போன மாதம் மேல்தாடை வலியோடு வந்த ஒரு பெரியவரை இதனாலேயே மறுபடி எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரிடம் யாரும் சரியாகச் சொல்லவே இல்லை.

"நாக்கை மேலே வையுங்கள்" என்று டெக்னீஷியன் சொல்லத்தான் செய்கிறார். நோயாளி நுனியை மட்டும் தூக்குகிறார், சில நொடிகளில் அதுவும் இறங்கிவிடுகிறது. "எச்சில் விழுங்குங்கள், அப்போது நாக்கு எங்கே ஒட்டுகிறதோ அங்கேயே வைத்திருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். முழு நாக்கும் அண்ணத்தில் படியும். இயந்திரத்தில் நிறுத்துவதற்கு முன்பே ஒருமுறை பழக்கிவிட்டால் இன்னும் நல்லது. உதட்டையும் மூடச் சொல்லுங்கள்.

மற்ற குறைகளும் உங்களுக்குத் தெரிந்தவைதான். இயந்திரம் லாட வடிவத்தில் ஒரு மெல்லிய பகுதியைத்தான் தெளிவாகப் பதியும். நோயாளி அதிகம் முன்னே நின்றால் முன்பற்கள் ஒல்லியாகவும், பின்னே நின்றால் அகலமாகவும் மங்கும். முகவாய் தாழ்ந்தால் பல்வரிசை அளவுக்கு மீறி வளையும். உயர்ந்தால் தட்டையாகி, அண்ணத்து எலும்பு மேல்வேர்கள் மீது விழும். கூன் போட்டு நின்றால் கழுத்தெலும்பு நடுவில் வெள்ளைத் தூணாக நிற்கும். கழற்றாத தோடு எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே மங்கலாகத் தெரியும்.

டெக்னீஷியன்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. வெளியே வரிசை நிற்கும்போது அவர்களால் எவ்வளவுதான் விளக்க முடியும்? ஒவ்வொருவருக்கும் கூடுதலாக இரண்டு நிமிடம் கொடுங்கள். ஒரு ஓபிஜியின் கதிர்வீச்சு குறைவுதான். அதற்காக, நம் அவசரத்தால் ஒருவர் அதை இரண்டு முறை வாங்க வேண்டுமா?

அப்புறம், நோயாளி கிளம்பும் முன் படத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். அதில் குறை இருந்தால் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதாமல், என்ன குறை என்று எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு பல் மருத்துவர்