பரண் இறங்கிய வீடு

கும்பகோணம்
மார்கழி 5

அன்புள்ள மரகதத்துக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. தை பிறந்ததும் பாளையங்கோட்டை வீட்டை விட்டுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள் கொண்ட அடுக்ககத்துக்குக் குடிபோக வேண்டியிருக்கிறது என்றும், பத்து நாள்களாகப் பீரோவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாயே தவிர ஒரு துண்டைக்கூட எடுத்து வெளியில் வைக்க மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வரிகளைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் ஐப்பசியிலிருந்து இதே வேலையில்தான் இருக்கிறேன். வேறு செய்திகளை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்; இதில் இதை மட்டும் எழுதுகிறேன்.

ஐப்பசி அடைமழையில் இரண்டாம் கட்டில் ஓடு ஒழுகியது. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, உத்திரத்தில் கரையான் ஏறியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பரணைக் காலி செய்து கொடுங்கள் என்றார். இரண்டு ஆள்களை வைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கினோம். சாயங்காலம் விளக்கைப் போட்டபோது கூடத்தில் கால் வைக்க இடமில்லை. முற்றத்தின் ஓரம் வரைக்கும் சாமான்கள் பரவிக் கிடந்தன. நாற்பது ஆண்டுகளாக இந்தப் பரணுக்குக் கீழேதான் நான் சமைத்தேன், சாப்பிட்டேன், குழந்தைகளைத் தூங்க வைத்தேன். தலைக்கு மேல் இவ்வளவு இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவற்றில் பாதி மகாமகத்துக்கான சாமான்கள். எங்கள் ஊரில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாமகம் வரும். ஊரில் வீடு உள்ளவர்கள் உறவுக்கெல்லாம் இடம் கொடுக்க வேண்டும். 1992ஆம் ஆண்டு மகாமகத்துக்கு எங்கள் வீட்டில் 38 பேர் தங்கினார்கள். அப்போதுதான் என் மாமியார் இலவம்பஞ்சு மெத்தைகளும் தலையணைகளும் தைக்கச் சொன்னார். அண்டாக்களும் தவலைகளும் வாங்கினார். அதன் பிறகு இந்த வீட்டில் எதை எடுத்துப் போடலாம் என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "மகாமகத்துக்கு வேணும்." 2004இல் பதினான்கு பேர் வந்தார்கள். 2016இல் வந்தவர்கள் நால்வர். அவர்களும் விடுதியில் அறை எடுத்துக்கொண்டு, குளத்தில் நீராடிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போனார்கள். அடுத்த மகாமகம் 2028இல். மாமியார் போய் எட்டு ஆண்டுகள் ஆகியும், அவர் சொன்ன அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நானும் ஒன்றையும் தொடாமல் இருந்திருக்கிறேன்.

மெத்தைகளைப் பிரித்துப் பார்த்தேன். இலவம்பஞ்சு பழசானால் பொடிந்துவிடும் என்று உனக்குத் தெரியும். உறையை அவிழ்த்ததும் மஞ்சளாகத் தூசிதான் எழுந்தது. மெத்தை தைப்பவரை வரவழைத்தேன். பன்னிரண்டு மெத்தைகளையும் அவர் கையால் அழுத்திப் பார்த்து, தேறிய பஞ்சை மட்டும் பிரித்தெடுத்து அடித்து, இரண்டு மெத்தைகளும் ஒன்பது தலையணைகளும் தைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் மிஞ்சியது.

அதற்கடுத்துப் பட்டுப்புடவைகளைப் பிரித்தேன். மாமியாருடைய அரக்குப் புடவையை நீயே பார்த்திருக்கிறாய். என் கல்யாணத்தின்போது அவர் கட்டியிருந்தது. ஒரு வேட்டியில் சுற்றி, இடையில் வசம்பு வைத்து, அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் இருபது ஆண்டுகளாக யாரும் மடிப்பை மாற்றவில்லை. விரித்தபோது மடிப்பு மடிப்பாகக் கோடு போட்டதுபோல் கிழிந்தது, சத்தமே இல்லை. சரிகையின் மேல் தங்கப் பூச்சு தேய்ந்து, உள்ளே இருந்த வெள்ளி கறுத்திருந்தது. கட்டிக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. மரகதம், அந்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பரணில் ஏற்றுவதைப் பத்திரப்படுத்துவது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். எறிய மனம் வராத பொருளைக் கண்ணில் படாத இடத்தில் வைத்து, அது தானாக அழியும்வரை காத்திருந்தோம் என்பதுதான் உண்மை. வைத்திருப்பது வேறு, பேணுவது வேறு. பேண முடியாத பொருளை நம் கையில் வைத்துக்கொள்வது அந்தப் பொருளுக்கே செய்கிற அநியாயம் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்தபோது ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன்: இதை நான் பேணுவேனா, இல்லையென்றால் யார் பேணுவார்கள்?

பித்தளைப் பாத்திரங்களுக்கு இந்தக் கேள்வி எளிதாக விடை சொன்னது. பெரிய அண்டா இரண்டும் பக்கத்துக் கோயில் மடப்பள்ளிக்குப் போயின; அங்கே தினமும் புளி போட்டுத் தேய்க்கிறார்கள், ஈயம் பூசவும் ஆளை அழைத்து வருகிறார்கள். தவலைகளை எடைக்குப் போட்டேன். போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் கழுத்திலும் வெட்டியிருந்த பெயரை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். யார் யாருக்கு எந்த ஆண்டில் சீராக வந்தது என்று அந்த எழுத்துகளே சொல்கின்றன. ஒரு தவலையில் 1931 என்று இருந்தது. பாத்திரம் போனாலும் அந்தப் பெயர்கள் போகக் கூடாது என்று தோன்றியது. முழுப் பரணுக்கும் அந்த நோட்டில் நான்கு பக்கங்களே ஆயின.

ஒரு ஈயச்சொம்பை மட்டும் வைத்துக்கொண்டேன். அது அரிசி மூட்டைக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்தது. கடைவீதியில் காட்டி, காரீயம் கலக்காத நல்ல வெள்ளீயம்தான் என்று உறுதிசெய்துகொண்டு, நெளிவை எடுத்து வாங்கி வந்தேன். வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும்; புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும், வெறுஞ்சொம்பை வைத்தால் நொடியில் அடி ஒழுகிவிடும். அதனால் அது அடுப்பில் இருக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். இந்த இரண்டு மாதமாகத் தினமும் அதில்தான் ரசம். அந்த வாசனையை நான் மறந்தே போயிருந்தேன்.

காகிதங்களில்தான் நான் தவறு செய்தேன். நீ செய்யாமல் இருப்பதற்காக எழுதுகிறேன். வேலை பாதி முடிந்த அலுப்பில், ஒரு சாயங்காலம் பழைய பேப்பர்காரர் வாசலில் வந்து நின்றபோது, கட்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் நாலைந்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவற்றில் ஒன்றுக்குள் என் அம்மா ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் அளவு எழுதிவைத்திருந்த நீலநிற நோட்டு இருந்திருக்கிறது. இரவு படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. காலையில் போய்க் கேட்டேன். முதல் நாளே லாரி ஏறிவிட்டது. நாரத்தங்காய்க்கு எத்தனை படி உப்பு என்று இனி யாரிடமும் கேட்க முடியாது. ஆகவே, மரகதம், காகிதங்களைக் கடைசியாக எடுத்துக்கொள். காலை வேளையில், உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு தாளாகப் பார். அலுப்பாக இருந்தால் மூடிவிட்டு மறுநாள் தொடங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போகி வருகிறதே என்று எல்லாவற்றையும் நெருப்பில் போட்டுவிடாதே. உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை எங்கள் ஊர்க் கல்லூரியில்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தார். சுவடி தேடி அவர் ஊர் ஊராக அலைந்தபோது, வீட்டில் கிடந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிட்டோம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களும் வீட்டைச் சுத்தம் செய்தவர்கள்தாம். மாமனார் வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்திருந்தவை 26 தொகுதிகள் இருந்தன; படங்களோடும் அந்தக் காலத்து விளம்பரங்களோடும். அவற்றை எடைக்குப் போட எனக்குத் துணிவு வரவில்லை. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் தொடங்கப்பட்டது. என்னிடம் உள்ளவற்றின் பட்டியலை அவர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பவை நீங்கலாக, தேவையானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். உன் கணவர் சேர்த்துவைத்த பழைய இலக்கியச் சிற்றிதழ்கள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன என்று எப்போதோ சொன்னாய். அவற்றைக் கோயம்புத்தூருக்குச் சுமந்து செல்லாதே. முதலில் பட்டியல் எழுது.

அவருடைய வங்கிக் காகிதங்களையும் இதே கவனத்தோடு பார். என் மாமியாருடைய அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டில் மூன்று பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவித்த நோட்டுகள். அவசரத்துக்கு வேண்டுமென்று ஒளித்து வைத்தது, அவசரம் வருவதற்கு முன்பே செல்லாமல் போயிற்று. ஆனால் வங்கியில் போட்டு மறந்த பணம் அப்படிப் போய்விடாது. பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடுகின்றன. அதன் பிறகும் வாரிசுகள் உரிய சான்றுகளோடு அந்தந்த வங்கியிலேயே கேட்டு வாங்கலாம். 2023இல் ரிசர்வ் வங்கி உத்கம் என்று ஒரு இணையதளம் தொடங்கியிருக்கிறது. பெயரைக் கொடுத்துப் பல வங்கிகளில் ஒரே இடத்தில் தேடலாம். உன் மகளைத் தேடச் சொல்.

வீட்டைவிட்டுப் பொருள்கள் போவதைப் போலவே உள்ளே வருவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பீரோவின் கீழ்த்தட்டில் ரவிக்கைத் துணிகள் மட்டும் 63 இருந்தன. நவராத்திரிக்கும் கல்யாணத்துக்கும் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்தவை. ஒன்றுகூடத் தைக்க உதவாது. ஒருவர் எனக்குக் கொடுத்ததை நான் இன்னொருவருக்குக் கொடுக்க, அவர் வேறொருவருக்குக் கொடுக்க, ஊரையே சுற்றிக்கொண்டிருக்கும் துணிகள் அவை. ஒரு துணியின் மடிப்புக்குள் நான் யாருக்கோ கொடுத்தபோது வைத்த மஞ்சள் துண்டு காய்ந்து கிடந்தது. வழக்கத்தின் உள்ளே இருக்கும் அன்பை நான் குறை சொல்லவில்லை. வருகிற சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். அதற்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள், கொல்லையில் காய்க்கும் வாழைப்பழம் போதும் என்று இந்த நவராத்திரியிலிருந்து வைத்துக்கொண்டேன். முதல் நாள் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பெண், "மாமி, நானும் இனி இப்படியே செய்யட்டுமா?" என்று கேட்டாள்.

இப்போது வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பாய். கூடத்தில் ஊஞ்சலும் ஒரு நாற்காலியும் இருக்கின்றன. காலையில் முற்றத்து வெயில் சுவர் வரைக்கும் வருகிறது. முன்பு மூட்டைகள் மறித்துக்கொண்டிருந்த வெயில் அது. பெருக்கித் துடைக்க முக்கால் மணி நேரம் ஆனது இப்போது கால் மணியில் முடிகிறது. மிஞ்சிய நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எதையோ தேடிக்கொண்டே இருக்கும் அந்தப் பழைய படபடப்பு அடங்கியிருக்கிறது. ஆனால் எல்லாம் லேசாகிவிட்டது என்று உனக்கு எழுதினால் அது பொய்யாகிவிடும். சில ராத்திரிகளில் விழிப்பு வந்து, அந்த அரக்குப் புடவையை நினைத்துக்கொள்கிறேன். அதன் முந்தானையில் கிழியாத ஒரு முழத்தை மட்டும் வெட்டி எடுத்து, சாமி அலமாரியில் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறேன். தினமும் விளக்கேற்றும்போது அதை விலக்குகிறேன்.

உனக்கு எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்றால், பீரோவை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போ. கணவருடைய சட்டைகள் இருக்கும் தட்டில் முதல் நாளே கை வைத்தால் யாராலும் முடியாது. உடைந்த மூடிகள், காலாவதியான மருந்துகள், பிடியில்லாத வாணலி என்று மனம் ஒட்டாதவற்றிலிருந்து தொடங்கு, கை பழகிக்கொள்ளும். சட்டைகள் கடைசியாக இருக்கட்டும். அவற்றில் இரண்டை நீ கோயம்புத்தூருக்கு எடுத்துச் சென்றாலும் அந்த வீட்டில் அவற்றுக்கு இடம் இருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். 1979 கோடை விடுமுறைக்கு நீ எங்கள் பிறந்த வீட்டுக்கு வந்தபோது, நாம் திண்ணையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை ஆடிய பல்லாங்குழி இந்தப் பரணில்தான் இருந்தது. மீன் வடிவப் பலகை, ஒரு கீல் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. சோழிகளும் அப்படியே இருக்கின்றன. குறைந்த மூன்றுக்குப் புளியங்கொட்டை போட்டிருக்கிறோம். எனக்கு இங்கே ஆட ஆளில்லை. உன் பேத்திக்கு எட்டு வயது என்று எழுதியிருந்தாய். அவள் ஆடுவாள் என்றால் ஆசாரியிடம் கீலைச் சரிசெய்து அனுப்புகிறேன். புது வீட்டில் இடமில்லை, அல்லது அவளுக்கு அதில் நாட்டமில்லை என்றால் என் மனம் நோகும் என்று பார்க்காமல் அதையும் எழுதிவிடு; இங்கே படிக்க வரும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறேன். ஆசாரி அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்குள் உன் பதில் வந்தால் நல்லது.

என்றும் அன்புடன்,
விசாலம்