அன்றே எதிர்த்தவர்கள் இருந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அன்று ஜெர்மன் காலனியாக இருந்த நமீபியாவில் ஹெரேரோ, நாமா பழங்குடி மக்களை ஜெர்மானியர் கொன்றொழித்தது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அவசியமானது. ஆனால், 'காலனி ஆதிக்கம் தவறென்று அன்றைய ஜெர்மனியில் யாருக்கும் தோன்றவில்லை' என்ற வரியை ஏற்க முடியவில்லை. கொன்றவர்களுக்கு இதைவிட வசதியான சாக்கு கிடைக்காது.

பெர்லின் நாடாளுமன்றத்திலேயே அதைத் தவறென்று சொன்னவர்கள் உண்டு. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஆகஸ்ட் பெபெல் மரம் கடையும் தொழிலாளியாக இருந்து அரசியலுக்கு வந்தவர். கேமரூனில் லைஸ்ட் என்ற அதிகாரி பெண்களைச் சாட்டையால் அடிக்க வைத்தபோது, 1894இல் அந்த நீர்யானைத் தோல் சாட்டைகளையே அவைக்குக் கொண்டுவந்து காட்டினார். கிழக்கு ஆப்பிரிக்காவில் காலனி அதிகாரி கார்ல் பீட்டர்ஸ் தன் பணியாளையும், தன்னோடு வைத்திருந்த பெண்ணையும் தூக்கிலிட்டதை 1896இல் அம்பலப்படுத்தியவரும் அவரே. மறு ஆண்டே பீட்டர்ஸின் பதவி பறிபோனது. நமீபியாவில் ஜெர்மன் படைக்குத் தலைமை தாங்கிய டிரோத்தா, ஹெரேரோ மக்களுக்கு எதிராக 1904இல் இட்ட அழித்தொழிப்பு ஆணையையும் பெபெல் கண்டித்தார். கத்தோலிக்க மத்தியக் கட்சியின் இளம் உறுப்பினர் எர்ஸ்பெர்கர் காலனித் துறையின் ஊழல்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார்.

1906 டிசம்பரில் நமீபியப் போருக்குக் கூடுதல் நிதி தர அவை மறுத்தது. அரசு அவையையே கலைத்தது. தேசவெறியைக் கிளப்பி நடத்திய 1907 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியின் இடங்கள் 81இலிருந்து 43 ஆகக் குறைந்தன. எதிர்த்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இவர்களைப் புனிதர்களாக்கச் சொல்லவில்லை. 1904 தொடக்கத்தில் போர் நிதி வாக்கெடுப்பு வந்தபோது பெபெலின் கட்சி எதிர்க்காமல் ஒதுங்கி நின்றது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1907 ஸ்டுட்கார்ட் சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டில், 'சோஷலிசக் காலனிக் கொள்கை' கூடாதா என்று அதே கட்சியின் பெர்ன்ஸ்டைன் போன்றவர்களே வாதாடினார்கள். அக்கட்சியின் இன்னொரு சிந்தனையாளர் கவுட்ஸ்கி அதை எதிர்த்தார். காலனியத்தை முழுவதுமாக நிராகரித்த தீர்மானம் 127க்கு 108 என்ற கணக்கில்தான் தேறியது. பிகாஜி காமா அம்மையார் இந்திய விடுதலைக் கொடியை விரித்தது இதே மாநாட்டில்தான்.

அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதோடு, ஜெர்மன் அதிகாரிகளுக்குக் கடிதம் கடிதமாக எழுதி வாதாடி, 1905இல் போர்க்களத்தில் மடிந்த நாமா தலைவர் ஹென்ட்ரிக் விட்போய் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றும் வேண்டும். எதிர்ப்பில் முதலிடம் அவர் போன்றவர்களுக்கே உரியது.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி