299 நடை

தங்கச்சிமடம்
27.5.2025

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இயேசுவுக்கே புகழ்.

நாங்கள் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அக்கா வீட்டிலும் சுகம். அவள் சின்னவன் பரீட்சை லீவுக்கு வந்து இங்கேதான் கிடக்கிறான். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது 45 நாள், இப்போது 61 நாள். போட்டெல்லாம் கரையேறிக் கிடக்கிறது, எங்கே பார்த்தாலும் பெயிண்ட் வாசம். நான் வலை பொத்தப் போகிறேன். முட்டி ஓரளவு உட்கார விடுகிறது.

புதுப்பாலத்தில் ரயில் ஓடுகிறது. ஏப்ரல் 6-ல் திறந்தார்கள். நடுத்துண்டு லிப்டு மாதிரி நேரே மேலே எழும்புகிறது. பழையது இரண்டு கையையும் தூக்கினாற்போலத் திறக்குமே, அந்த அழகு இதில் இல்லை என்று அம்மா சொல்கிறாள். இப்போது சென்னையில் ஏறினால் ராமேசுவரத்தில் இறங்கலாம். மண்டபத்தில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை. சும்மா சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாய். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போடவில்லை. போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கே அனுப்பச் சின்னவன் கற்றுக்கொடுத்திருக்கிறான். தபால் என்றால் வீட்டில் முதலில் யார் கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. படித்ததும் அழித்துவிடு.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பாய். நான் உன் விளையாட்டை ஆடுகிறேன். அந்த ரூன்ஸ்கேப்புதான். சின்னவன் என் போனில் போட்டுக்கொடுத்தான். பொழுது போகவில்லை, அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

உள்ளே நுழைந்ததும் ஒரு தீவில் இறக்கிவிட்டார்கள். அங்கே ஒரு அம்மாள் என் கையில் சின்ன வலையைக் கொடுத்து இறால் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். எனக்கு! பத்து வயதில் சித்தப்பாவோடு கரைவலை இழுக்கப் போனவன் நான். சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். சரி, கற்றுக்கொள்வோம் என்று பிடித்தேன். பிறகு மரம் வெட்டி, தீ மூட்டி, அதைச் சுடச் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் சுடுவதில் பாதி கருகிப் போகிறது.

அந்தக் கடலில் வாடைக்காற்று இல்லை, கச்சான் காற்று இல்லை. டீசல் வேண்டாம், டோக்கன் வேண்டாம். எவ்வளவு அள்ளினாலும் குறைவதில்லை. இரட்டைமடி வலை படாத கடல் போலிருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் சரியாக வைத்திருக்கிறார்கள். மீன் கிடக்கிற இடம் நுரை மாதிரி தெரிகிறது, வலையைப் போட்டு நிற்கும்போதே நாலு எட்டு தள்ளிப் போய்விடுகிறது. செய்தவன் எவனோ கொஞ்ச நாள் கடற்கரையில் இருந்திருப்பான் என்று நினைத்தேன். கேம்பிரிட்ஜில் இருக்கும் கம்பெனியாம்.

நீ ஆடின காலத்து விளையாட்டு இது இல்லை என்றும் சின்னவன் சொன்னான். 2007 ஆகஸ்டில் இருந்தபடியே எடுத்து வைத்திருந்த ஒரு நகலை, ஆட்கள் கேட்டதால், 2013 பிப்ரவரியில் திரும்பத் திறந்தார்களாம். அதனால் உன் பழைய ஆள் இதில் இல்லை, நீயும் முதலிலிருந்துதான் தொடங்கியிருக்கிறாய் என்றான். நமக்கும் அப்படி ஒரு ஆகஸ்டு எடுத்து வைத்திருந்தால் எதைத் திறக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். "எந்த ஆகஸ்டுல கடன் இல்லாம இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

உன் ஆளுக்கு வைத்திருக்கும் பெயரைச் சின்னவன் காட்டினான். நம் வத்தையின், அந்தச் சின்னப் படகின் பெயர். அதை விற்றபோது உனக்கு ஆறு வயது. நினைவிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

உன்னை என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். ஒரே விளையாட்டுதான், பல உலகமாக ஓடுகிறதாம். ஆள் உள்ளே இல்லாவிட்டால் பெயர் பக்கத்தில் சிவப்பு, வேறு உலகத்தில் இருந்தால் மஞ்சள், நான் இருக்கிற உலகத்திலேயே இருந்தால் பச்சை. ராத்திரி ஆடுவாய் என்று நினைத்து ராத்திரிதான் பார்ப்பேன். சிவப்பாகவே இருந்தது. ஒரு நாள் வலைக்கூடத்தில் டீ வருகிற நேரம், காலை பதினொரு மணி, சும்மா எடுத்துப் பார்த்தேன். மஞ்சள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், மஞ்சள். நாலு மணிக்கும் மஞ்சள். ஆறரைக்குச் சிவப்பு. அன்று அம்மா போன் போட்டபோது மருமகள், "அவங்க ஆபீஸ்ல இருந்து இப்பதான் வந்தாங்க அத்தை" என்றாள்.

ஆபீஸில் வேலை குறைவாக இருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். டிவியில் கம்பெனிகளைப் பற்றி என்னென்னவோ சொல்கிறார்கள். நான் அதெல்லாம் பார்ப்பதில்லை.

சின்னவனுக்கு எதையும் சொல்லவில்லை. கணக்கு மட்டும் கேட்டேன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ மீன்பிடியில் 40-ம் நிலையில் இருந்தாய். 40-ல்தான் கூடு வைத்துச் சிங்கி இறால் பிடிக்க விடுவார்களாம். போன ஞாயிறு 70. நாற்பதுக்கு 37,224 புள்ளி, எழுபதுக்கு 7,37,627. ஒரு சிங்கி இறாலுக்கு 90. வகுத்துப் பார்த்தால் 7,782 சிங்கி இறால் வருகிறது. என் ஆயுசில் அவ்வளவு சிங்கி இறாலை நான் கண்ணால் பார்த்ததில்லை. பையில் 28 இடம், கூட்டுக்கு ஒன்று, கப்பல் காசுக்கு ஒன்று போக 26. அப்படியென்றால் 299 நடை. மணிக்கு 150 பிடித்தாலும் 52 மணி நேரம். ஒரு வாரத்தில். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் ஐஸ் பெட்டிக் கணக்கிலும் பங்குக் கணக்கிலும் என்னை எவனும் ஏமாற்றியதில்லை, உனக்குத் தெரியும்.

ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம் உட்கார்ந்தால் கண் என்னத்துக்கு ஆகும்? தண்ணீர் குடி. ஆபீஸ் முழுக்க ஏசி என்று சொல்லியிருக்கிறாய், ஆனாலும் குடை எடுத்துக்கொண்டு போ. சென்னை வெயில் மோசம். பார்க்கில் மத்தியானத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். பொதுவாகச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

2009-ல் பிரவுசிங் சென்டரில் நான் செய்தது உனக்கு மறந்திருக்காது. மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து இதையா பார்க்கிறாய் என்று உன் கூட்டாளிகள் முன்னால் சுவிட்சை அணைத்துக் காதைப் பிடித்து இழுத்து வந்தேன். "செத்துட்டேன், ஒரே நிமிஷம்ப்பா, எடுத்துக்கிறேன்" என்று தெரு முழுக்க அழுதுகொண்டு வந்தாய். நல்லாத்தானே இருக்கான், என்ன சாவு என்று இன்னும் ஒரு அடி வைத்தேன். போன வாரம் என் ஆளும் செத்தான். அப்போதுதான் சின்னவன் சொன்னான், செத்த இடத்தில் நம் சாமான் கொஞ்ச நேரம் கிடக்கும், அதற்குள் ஓடிப்போய் எடுத்துவிட வேண்டும் என்று. எனக்குப் போனது ஒரு வலையும் நாலு கருகின இறாலும். உனக்கு அன்று என்ன போனதோ. கேட்டிருக்க வேண்டும். பதினாறு வருஷம் ஆகிவிட்டது.

ஆனாலும் அன்று அடிக்காமல் விட்டிருந்தால் நீ என்ஜினியர் ஆகியிருக்க மாட்டாய். இதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தத் தெருவில் கடலுக்குப் போகாத முதல் பையன் நீ. உன் முதல் சம்பளத்தை வாங்கி நான் சந்தியாகப்பர் கோயிலில் வைத்து எடுத்தது யாருக்கும் தெரியாது. அந்தப் பணத்தில் அம்மாவுக்கு ஏன் தோடு வாங்கினாய் என்று நான் உன்னிடம் கேட்டதும் இல்லை.

நீ தெரிந்துதான் வாங்கினாய் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்.

நீ பிளஸ் ஒன் படித்த வருஷம் நான் போட்டில் டிரைவர். ஒரு ராத்திரி மடி வலையை இறக்கிவிட்டு, குளிருக்கு என்று இரண்டு மடக்குக் குடித்திருந்தேன். இரண்டு இல்லை, அதற்கு மேலேயே இருக்கும். சுக்கானைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். மடி பாறையில் மாட்டிக் கிழிந்து, போட்டின் விசிறியும் போனது. ஓனர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நாளைக்கு வர வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

நம் போட்டுக்குத் திங்கள், புதன், சனி. அந்த நாள்களில் அம்மா கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியோடு விடியற்காலை கிளம்புவேன். ஜெட்டிக்குப் போகாமல் தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரம் போய்விடுவேன். தெரிந்தவர் ஓலைக்கொட்டகை ஒன்று இருந்தது. பகல் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ராத்திரி கொசுக்கடியில் அங்கேயே படுப்பேன். மறுநாள் காலை ஜெட்டிக்கு வந்து வட்டிக்கு வாங்கின காசில் குழம்பு மீன் வாங்கி, மிச்சத்தைப் பங்குப் பணம் என்று அம்மா கையில் கொடுப்பேன். ஆறு வாரம். பதினெட்டு நடை. கடலுக்குப் போகிறவனுக்கு வருகிற அசதியை விட அந்தச் சும்மா உட்கார்ந்த அசதி பெரிது. உடம்பு நோகாமல் ஒருத்தன் அப்படிக் களைத்துப் போவான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் நாள் கணக்குத் தப்பிவிட்டது. புதன் போனவன் வியாழன் வர வேண்டும். நான் வெள்ளிக்கிழமை காலை நகரை மீனோடு வாசலில் வந்து நிற்கிறேன். அம்மா மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கி அரிந்து குழம்பு வைத்தாள். நீயும் அக்காவும் சாப்பிட்டுப் போனீர்கள். சாயங்காலம் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி என் தட்டுப் பக்கத்தில் வைத்து, "முதல்ல வட்டிக்காரன நிறுத்துங்க" என்றாள். எங்கே போனாய், ஏன் போனாய் என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன்.

அந்தப் பதினெட்டு நடையில் ஒன்றில்கூட, வீட்டில் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் சரியான பிறகு சொல்லலாம் என்றுதான் தோன்றியது. குடித்ததை மன்னித்துவிடுவேன், அதை மன்னிக்க முடியவில்லை. அம்மா பிடித்திராவிட்டால் நான் நூறு நடை போயிருப்பேன். 299-ம் போயிருப்பேன்.

மருமகளுக்கும் நாள் கணக்குத் தெரியும். பெண்களுக்குத் தெரியும், தம்பி.

வேறொன்றும் இல்லை. திருவிழாவுக்கு வா. ஜூலை 25 வரை காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. முன்னாலேயே வந்தாலும் வரலாம், இரண்டு பேரும். மாடி அறையைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறோம். அதற்கும் காரணம் ஒன்றும் இல்லை, சின்னவன் படுக்கத்தான்.

கடைசியாக ஒன்று. முந்தாநாள் விளையாட்டில் கரம்ஜா தீவுக்கு 30 காசு கொடுத்துக் கப்பலேறிப் போனேன். திரும்பும்போது கஸ்டம்ஸ் ஆள் பையில் சாராயம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம், சின்னவன் சொன்னான். அங்கேயுமா என்று நினைத்தேன். உலகம் 301. உன் பெயர் பச்சையாக இருந்தது. துறையில் நீ கூடு வைத்துக்கொண்டு நின்றாய். உன் பக்கத்திலேயே ஒரு மொட்டைத் தலை, தாடிக்காரன், சின்ன வலை போட்டு இறால் பிடித்துக்கொண்டிருந்தானே, அது நான். ஒன்றரை மணி நேரம் நின்றேன். போகும்போது நீ நின்று அவனிடம் சாப்பாடு வேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்டாய். சின்னவன் டீ வாங்கப் போயிருந்தான். எழுத்தைத் தேடித் தேடி நான் 'ஓகே' என்று அழுத்துவதற்குள் நீ கப்பலேறிவிட்டாய்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதே இடத்தில் நிற்பேன். எனக்கு அதில் எழுத வராது, நீயும் எழுத வேண்டாம். சாப்பாடு இருந்தால் கொண்டு வா. என்னிடம் இருப்பதெல்லாம் கருகின இறால்தான்.

அப்பா